மூக்கில் வைத்த சந்தனம்

நாங்கள் செய்த பெட்டி கத்தியபோதெல்லாம் எனக்குப் பயம் வந்ததில்லை, எரிச்சல்தான் வந்தது. அது கத்தாமல் இருந்த ஒரு காலைப் பொழுதை நினைத்தால்தான் இன்னமும் பயம் வருகிறது.

அப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் உட்கார்ந்து படித்தது போதும், கையால் ஏதாவது செய்து காட்டுங்கள், நிறுவனங்களில் போய் வேலை பழகுங்கள் என்று எங்களைத் துரத்திவிடும் பருவம் அது. என்னையும் என் தோழியையும் தீவின் மேற்குக் கோடியில், துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். பெரிய கழிவுத் தொட்டிகளைக் கழுவிப் பழுதுபார்க்கிற இடம். மற்றவர்கள் குளிரூட்டிய ஆய்வுக்கூடங்களில் வெள்ளை அங்கி போட்டு நின்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மஞ்சள் தொப்பியும் இரும்பு முனை வைத்த சப்பாத்தும்தான். எங்கள் வீடு இருக்கும் தோ பாயோவில் ரயில் ஏறினால் துவாஸ் போய்ச் சேருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வாசலிலேயே நிறுத்தி, நேராகக் குளியலறைக்குப் போ என்பார்.

அந்தத் தொட்டிகளின் அடியில் கறுப்பாகச் சேறு தங்கியிருக்கும். ஆள் இறங்கி அதை வாரி எடுக்க வேண்டும். சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு எழும். அது நாற்றமடிக்கிறவரை ஒருவிதத்தில் நல்லது. அளவு கூடிவிட்டால் அந்த வாயு முதலில் மூக்கைத்தான் செயலிழக்க வைக்கும். நாற்றம் போய்விட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு அவருக்கு அதிக நேரம் இருக்காது. முதல் நாள் பாதுகாப்பு வகுப்பில் இதைச் சொன்னபோது என் தோழி மும்முரமாகக் குறிப்பெடுத்தாள். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் புராஜெக்ட் அந்த வாயுவுக்காகத்தான். கைக்குள் அடங்கும் ஓர் உலோகத் தலை, அதன் முகப்பில் வட்டமான சல்லடை, சல்லடைக்குப் பின்னால் வாயுவை உணரும் கருவி. நீளமான கம்பியில் கட்டி அதைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டால் மேலே இருக்கும் பெட்டி எண் காட்டும், எண் ஏறினால் அலறும். ஆள் இறங்குவதற்கு முன் உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று பட்டறையின் அங்கீகாரம் பெற்ற வாயுமானியால் சோதிப்பது வழக்கம். இறங்கிய பிறகு, சேறு கிளறப்படும் நேரம் முழுவதும் காவல் காப்பது எங்கள் கருவியின் வேலை. பட்டறை ஆட்கள் அந்த உலோகத் தலைக்கு 'மூக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

உடம்பில் கயிறு கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்குகிறவர் நாற்பதை நெருங்கும் ஒரு மனிதர். புதுக்கோட்டைப் பக்கம் ஊர், துவாஸிலேயே தங்குவிடுதியில் இருந்தார். அவரை நான் அண்ணே என்றும் அவர் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டோம். என் சாப்பாட்டு டப்பாவை நான் திறப்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னிக்கு மீன் கொழம்பு. அடி புடிச்சிருக்கு. அம்மா போன் பேசிக்கிட்டே வச்சாங்களா?"

"சும்மா இருங்கண்ணே. எங்கம்மா காதுல விழுந்துச்சு, உங்களத் தேடி துவாஸுக்கே வந்துடுவாங்க."

அடி பிடித்துத்தான் இருக்கும். ஒரு நாளும் அவர் தப்பாகச் சொன்னதில்லை.

ஆரம்பத்தில் எங்கள் பெட்டி எதற்கெடுத்தாலும் அலறியது. யாராவது கைக்குக் கிருமிநாசினி தடவினால் அலறும், பக்கத்தில் பெயின்ட் டப்பாவைத் திறந்தால் அலறும். உங்க மூக்குக்குச் சளி பிடிச்சிருக்கு என்று கிண்டல் செய்தார்கள். நாங்கள் வாரக்கணக்காக அதோடு மல்லுக்கட்டி வழிக்குக் கொண்டுவந்தோம். தினமும் காலையில் சின்னக் குப்பியிலிருந்து சோதனை வாயுவை அதன் முகத்தில் காட்டுவோம். அது ஓங்கி அலறினால்தான் அன்றைக்கு அதை இறக்குவோம். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அந்த அலறலைக் கேட்காமல் எனக்கு மனசு ஆறாது, அவ்வளவுதான்.

பெட்டி ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கவலை தொடங்கியது. ஒரு நாள் அண்ணன் இறங்கும்போது, அவர் சட்டையில் எப்போதும் மாட்டியிருக்கும், வாயு கூடினால் கத்தும் சின்ன மானி இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"பக்கத்து டீம் கேட்டாங்க, குடுத்தாச்சு" என்றார் மேற்பார்வையாளர். சிராங்கூனில் வீடு, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எங்களுக்கு அவர் அங்கிள். "அதான் உங்க பொட்டி இருக்குல்ல மா. ஒரு ஆளுக்கு ரெண்டு எதுக்கு?"

"அங்கிள், அது ஸ்கூல் புராஜெக்ட்."

"ஸ்கூல் புராஜெக்ட்னா என்ன? நல்லாத்தானே வேலை செய்யுது லா."

அன்று ரயிலில் தோழியிடம் புலம்பினேன். அவள் கண்கள் மின்ன என்னைப் பார்த்தாள். "ஏய், அவங்க நம்மள டிரஸ்ட் பண்றாங்க. அதுதானே சக்ஸஸ்!" கல்லூரியில் எங்களைக் கவனித்துக்கொண்ட விரிவுரையாளரிடமும் சொன்னேன். அவர் சீனர், தன்மையான மனிதர். இது நல்ல செய்தி, அறிக்கையில் 'தாக்கம்' என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள் என்றார். மதிப்பெண்ணுக்காகச் செய்த சாமானை நம்பி ஒரு மனிதர் குழிக்குள் இறங்குகிறார், அதற்கு நான் தலைப்பு போட வேண்டுமாம்! எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடே எழுதியும் கொடுத்தேன்.

நவராத்திரி வந்தது. பட்டறையில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். கிரைண்டர், துளைப்பான், பளு தூக்கும் வண்டி என்று ஒன்று விடாமல் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அன்று சரஸ்வதி பூஜை என்பதால் நான் போகவில்லை. தோழி கிறிஸ்தவப் பெண், அவளுக்கு வீட்டில் வேலை இல்லை. சுண்டல் கிடைக்கும் என்று பட்டறைக்குப் போனாள். வீட்டில் அம்மா என் பாடப் புத்தகங்களையும் அப்பாவின் கருவிப் பெட்டியையும் என் மடிக்கணினியையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். அன்று முழுவதும் எதையும் தொடக் கூடாது. மறுநாள் எடுத்துப் புதிதாகத் தொடங்கும்போதும் பொட்டைத் துடைக்கக் கூடாது, அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்த மறுநாள்தான் எங்களுக்கு விரிவுரையாளரோடு காணொளிச் சந்திப்பு. நான் வீட்டிலிருந்து எண்களையும் வரைபடங்களையும் விளக்க வேண்டும், தோழி பட்டறையிலிருந்து கைபேசியில் கருவி வேலை செய்வதைக் காட்ட வேண்டும். பட்டறைக்கு அன்று ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். விஜயதசமி நல்ல நாள் என்பதால், பூஜை போட்ட கருவியோடு முதல் தொட்டியை அவர்கள் முன்னிலையில் தொடங்குவதாக அங்கிள் ஏற்பாடு செய்திருந்தார்.

நான் மடிக்கணினியைத் திறந்தேன். திரையில் தோழியின் பின்னால் துவாஸின் வெயில் தெரிந்தது. விரிவுரையாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உன் முகம் முழுக்க மஞ்சள் மூட்டமாக இருக்கிறதே, கேமராவைத் துடை என்றார். திரைக்கு மேலே பார்த்தேன். கேமராவின் சின்னக் கண் மேல் கச்சிதமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். நான் நகத்தால் சுரண்டுவதைச் சமையலறையிலிருந்து அம்மா பார்த்துவிட்டார்.

"ஏய், துடைக்காத! தானா உதிரணும்."

"இது கேமராம்மா. இத மூடிட்டா அவங்க என்ன எப்படிப் பாக்கறது?"

"எனக்கென்ன தெரியும்? நடுவுல வட்டமா இருந்துச்சு, நெத்தின்னு நெனச்சு வச்சேன்."

விரிவுரையாளருக்குத் தமிழ் புரியவில்லை என்றாலும் அம்மாவின் குரலைக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோதே என் கை அப்படியே நின்றுவிட்டது. நக இடுக்கில் காய்ந்த சந்தனம் இருந்தது. நடுவில் வட்டமாக இருந்தால் நெற்றி என்று நினைக்கிறவர் என் அம்மா ஒருவர் மட்டும்தானா?

திரையில் தோழி பெட்டியை நெருக்கமாகக் காட்டினாள். அதன் மூலைகளிலும் விசையின் மேலும் பொட்டுகள். எண் பூஜ்யம் காட்டியது. எங்கள் பெட்டியை நான் அறிவேன். அது சும்மா மேசையில் கிடக்கும்போதுகூட எண் லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இப்போது அது அசையவே இல்லை. எவ்வளவு நிலையாக இருக்கிறது பாருங்கள் என்று விரிவுரையாளர் பாராட்டினார்.

"கீழ போற தலைக்கும் சந்தனம் வச்சாங்களா?" என்று தோழியைக் கேட்டேன்.

"ஆஃப் கோர்ஸ் லா. அதுக்குத்தான் பெருசா வச்சாரு அங்கிள். சூப்பரா இருந்துச்சு. வெயிட், போட்டோ அனுப்பறேன்."

படம் வந்தது. உலோகத் தலையின் முகப்பில் சல்லடையே தெரியவில்லை. விளிம்புவரை அப்பிய சந்தனம், நடுவில் பெரிய குங்குமம், சுற்றி மல்லிகைச் சரம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"காலையில சோதனை வாயு காட்டினியா?"

"இல்ல. அங்கிள் வேணான்னுட்டாரு. நல்ல நேரம் முடியப் போகுது, பூஜை போட்டு மொத மொதல்ல ஸ்டார்ட் பண்றப்ப அது அலறினா அபசகுனம்னாரு. நாளைக்கு டெஸ்ட் பண்ணிக்கலாம்னாரு."

"அண்ணே உள்ள இருக்காரா?"

"யா, எறங்கி கொஞ்ச நேரமாச்சு. ரீடிங்கப் பாரேன், ஸீரோ."

"அவர மேல கூப்பிடு."

"ஏய், கிளையன்ட் எல்லாம் இங்க நிக்கிறாங்க. இப்பப் போயி..."

நான் கத்தினேன். பெட்டி போட்டிருக்க வேண்டிய அலறலை நான் போட்டேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். விரிவுரையாளர் என்ன என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். தோழியின் கைபேசியில் என் குரல் பட்டறை முழுவதும் கேட்டிருக்க வேண்டும், அங்கிளின் முகம் திரைக்குள் வந்தது. நெற்றியில் விபூதி, வாயில் இன்னும் சிரிப்பு.

"என்னம்மா?"

"அங்கிள், மூக்க அடைச்சிட்டீங்க! அதால இப்ப எதையும் மோந்து பாக்க முடியாது. அண்ணன இழுங்க!"

அந்தச் சிரிப்பு எப்படி மறைந்தது என்பதை நான் பார்த்தேன். அவர் திரும்பித் தொட்டியின் வாயருகே குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். யாரோ ஒருவர் இறங்கப் போக, அங்கிள் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "யாரும் எறங்காதீங்க! கயித்த இழு, இழு!" அதற்குள் தோழி கைபேசியைக் கீழே போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது துவாஸின் வானம் மட்டும்தான். வெள்ளையாக, ஒரு மேகம்கூட இல்லாமல் கிடந்தது. கப்பி சுற்றும் சத்தம், சப்பாத்துகள் ஓடும் சத்தம், தோழி அழும் சத்தம். நான் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. எங்கள் புராஜெக்டுக்காக நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய நிரல், வரைந்த வரைபடம் எல்லாம் அந்த நிமிடம் எனக்கு அருவருப்பாக இருந்தது. கனமான ஏதோ ஒன்றைத் தரையில் கிடத்தும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று வேண்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஓர் இருமல் கேட்டது. இருமலும் வாந்தியுமாக அது தொடர்ந்தது. அதைப் போல நல்ல சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு தோழி அந்த உலோகத் தலையை மேலே இழுத்துச் சட்டை நுனியால் சந்தனத்தை வழித்திருக்கிறாள். தொட்டியின் வாய்க்கு அருகே கொண்டுபோனதுமே பெட்டி அலறத் தொடங்கியதாம். அதை அணைக்க யாருக்கும் கை வரவில்லை என்றாள்.

பிறகு வேலை நிறுத்தப்பட்டது, விசாரித்தார்கள், விதிகளை மாற்றினார்கள். சட்டையில் மாட்டும் மானிகள் புதிதாக வந்தன. அங்கிளின் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றினார்கள். அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். "சாமிக்குச் செய்யறதா நெனச்சுத்தான் மா செஞ்சேன்" என்றார். எனக்குத் தெரியும், அதில் பொய் இல்லை. உலோகத் தலைக்கு ஒரு கம்பிக் கூண்டு போட்டோம். பக்கத்தில், 'இங்கே பொட்டு வைக்காதீர்கள்' என்று தமிழில் அச்சிட்டு ஒட்டினோம். விரிவுரையாளர், நடந்ததைக் 'களத்தில் கற்ற பாடம்' என்று எழுதச் சொன்னார். கண்காட்சியில் எங்கள் சுவரொட்டி முன்னால் கூட்டம் நின்றது. மதிப்பெண் நன்றாகவே வந்தது. பெட்டி பட்டறையிலேயே தங்கிவிட்டது.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பயிற்சி முடிந்துவிட்டதால் அதற்குப் பிறகு நான் துவாஸுக்குப் போகவில்லை.

மறு வருடம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம், நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. அம்மா புடவைக் கடைக்குள் நுழைந்துவிட்டார். நான் வெயிலுக்குப் பயந்து பக்கத்திலிருந்த பெரிய கடைக்குள் போனேன். தரைத்தளத்தில் சென்ட் விற்கும் இடத்தில் அண்ணன் நின்றிருந்தார். சலவைச் சட்டை, வாரிய தலை. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி! நல்ல நேரத்துல வந்தீங்க. ஊருக்குப் போறேன், லீவு குடுத்திருக்காங்க. வீட்டுக்காரிக்கு ஒரு சென்ட் வாங்கணும். இது ரெண்டுல எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

இரண்டு மணிக்கட்டுகளையும் நீட்டினார். இரண்டிலும் சென்ட் அடித்திருந்தார். ஒன்றில் ரோஜா, மற்றதில் தலைவலிக்கும் அளவுக்கு ஏதோ தித்திப்பு. எதிரில் நின்ற எனக்கே குப்பென்று வந்தது.

"என்னண்ணே, கொழம்பு அடி புடிச்சதையே கண்டுபுடிப்பீங்க. இத என்கிட்ட கேக்குறீங்களா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். விற்கிற பெண் தள்ளி நின்றிருந்தாள். "அதெல்லாம் போச்சு தங்கச்சி."

"எது?"

"வாசம். அன்னிலேருந்து ஒண்ணுமே தெரியல. ஆஸ்பத்திரில மருந்து வாடையே வரல, மொதல்ல மூக்கு அடைச்சிருக்குன்னு நெனச்சேன். ரூமுல கருவாடு வறுக்கிறானுங்க, சட்டி தீஞ்சு பொகை வந்தாத்தான் எனக்குத் தெரியுது."

"டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"தலை சுத்துதான்னு கேட்டாங்க, மூச்சு வாங்குதான்னு கேட்டாங்க. வாசம் தெரியுதான்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல."

"கம்பெனியில?"

"நல்லா சொன்னீங்க. மூக்கு போனவன தொட்டிக்குள்ள எறக்குவாங்களா? ஊருக்குப் போன்னுடுவாங்க."

"அப்ப இப்ப என்ன வேலை பாக்குறீங்க?"

"அதே வேலதான்" என்றார். "போன வாரம்கூட எறங்கினேன். லீவு முடிஞ்சு வந்து மறுபடி எறங்கணும்."

கோபம் மண்டைக்கு ஏறியது. "நான் பேசறேன்ணே, ஆபீஸ்ல பேசறேன்" என்று கைபேசியை எடுத்தேன். அவர் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. என் கைபேசியையே பார்த்தார்.

"வேணாம் தங்கச்சி. கால்ல விழுந்து கேக்கறேன்னு வச்சுக்குங்க. பொண்ணு இப்பத்தான் காலேஜுல சேர்ந்திருக்கு. உங்கள மாதிரியே இந்த மெசினு படிப்புதான்."

நான் கைபேசியைப் பைக்குள் வைத்தேன். ரோஜா மணத்த சீசாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோய், பாதியிலேயே இறக்கிக்கொண்டார். பிறகு எனக்குத் தைரியம் சொல்கிறவர் போல மறுபடி சிரித்தார்.

"நீங்க ஏன் மொகத்தத் தொங்கப் போடுறீங்க? எம் மூக்கு போனா என்ன, நீங்க செஞ்ச மூக்கு இருக்குல்ல. காத்து கெட்டுப்போனா அது அலாரம் அடிக்குமில்ல தங்கச்சி?"

கல்லூரிக் கண்காட்சியில் இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால் விளக்கமாகப் பதில் சொல்லியிருப்பேன். அந்த உணரிக்கு ஆயுள் உண்டு, மாற்ற வேண்டிய நாள் வரும், தினமும் சோதிக்க வேண்டும், கம்பிக் கூண்டில் சேறு படிந்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். அதையெல்லாம் இப்போது அங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிக்கும்ணே" என்றேன்.